டில்லர் கையை இழுக்கிறதா? சென்டர்போர்டால் பாய்மரப் படகைச் சமன்செய்வது எப்படி

காற்றை எதிர்த்து ஏறும்போது டில்லர் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடிக் கட்டை) ஓயாமல் இழுத்துக்கொண்டே இருந்தால், புதிதாக ஓட்டுபவர்கள் பிடியை இன்னும் இறுக்குவார்கள். அரை மணி நேரத்தில் தோள்பட்டை வலிக்கும், படகும் வேகம் இழந்திருக்கும். நீருக்குள் குறுக்காக நிற்கும் சுக்கான் ஒவ்வொரு நொடியும் படகைப் பிடித்து நிறுத்துகிறது என்பதுதான் காரணம். இந்த இழுப்பைக் குறைக்கும் வழிகளில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவது படகின் நடுவே நீருக்குள் இறக்கும் பலகையான சென்டர்போர்டு. பலரும் அதைக் கரையை விட்டுக் கிளம்பும்போது இறக்கி, திரும்பும்போது தூக்குவதோடு விட்டுவிடுகிறார்கள்.

இந்த வழிகாட்டி முக்கியமாக 420 போன்ற, இருவர் ஓட்டும் சிறு படகுகளை வைத்து எழுதப்பட்டது. அவற்றில் பலகை ஓர் ஆணியில் சுழன்று பின்னோக்கி மேலேறும். நேராக மேலும் கீழும் செருகும் டாகர்போர்டு உள்ள ஆப்டிமிஸ்ட், இல்கா (பழைய பெயர் லேசர்) படகுகளுக்கும், எடை கூடிய சுழல் கீல் (படகின் அடியில் நீருக்குள் இறங்கும் கனத்த தகடு) உள்ள பெரிய படகுகளுக்கும் எங்கே வேறுபாடு என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

எது எதை இழுக்கிறது

பாயில் விழும் காற்றின் விசை முழுவதும் ஓரிடத்தில் தள்ளுவதாக எடுத்துக்கொள்ளலாம். அது பாயின் விசை மையம். படகு பக்கவாட்டில் வழுக்காமல் நீர் தடுக்கும் விசையும் அப்படியே ஓரிடத்தில் தாங்குவதாகக் கொள்ளலாம். அது நீரின் தடை மையம். அடிக்கட்டை, சென்டர்போர்டு, சுக்கான் மூன்றும் சேர்ந்துதான் அந்தத் தடையைத் தருகின்றன. ஆனாலும் சிறு படகில் பெரும்பங்கு சென்டர்போர்டுக்கே.

பாயின் மையம் தடை மையத்துக்குப் பின்னால் விழுந்தால் பின்பக்கம் தள்ளப்பட்டு, அணியம் (படகின் முன்முனை) காற்றை நோக்கித் திரும்பும். நேராகப் போக டில்லரைக் காற்று வரும் பக்கமாக, அதாவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கமாக, இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். இதை வெதர் ஹெல்ம் என்பார்கள். பாயின் மையம் முன்னால் விழுந்தால் அணியம் காற்றை விட்டு விலகும், டில்லரை எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும். இது லீ ஹெல்ம்.

இரண்டில் ஆபத்தானது லீ ஹெல்ம்தான். வெதர் ஹெல்ம் உள்ள படகில் கை நழுவினால் படகு காற்றை நோக்கித் திரும்பி, பாய் படபடத்து, தானாக நின்றுவிடும். லீ ஹெல்ம் உள்ள படகில் கை நழுவினால் அது காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பி, பூம் (பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக் கம்பம்) தலைக்கு மேல் வீசி அடித்து, கவிழும் வரை போகலாம். எனவே நாம் தேடுவது துளியும் இழுப்பற்ற டில்லர் இல்லை. காற்றை எதிர்த்து ஏறும்போது சுக்கான் 3 முதல் 5 டிகிரி வரை திரும்பியிருக்கும் அளவுக்கு இலேசான வெதர் ஹெல்ம் வேண்டும். அந்தச் சிறு கோணத்தில் சுக்கானும் படகைக் காற்று வரும் பக்கம் தூக்கி, வழுக்கலைத் தடுப்பதில் சென்டர்போர்டோடு சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். 10 டிகிரியைத் தாண்டினால் உதவியைவிடத் தடைதான் மிகுதி.

பலகையின் இடம் படகைத் திருப்பும் என்பது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் பால்சா மரத் தெப்பங்களை ஓட்டியவர்கள் மரங்களுக்கு இடையே 'குவாரா' என்ற பலகைகளைச் செருகித் திசை மாற்றினார்கள். 1953-ல் தோர் ஹேயர்டாலும் அவருடைய தோழர்களும் எக்வடார் கரையில் ஒரு தெப்பம் கட்டி இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பக்கப் பலகையை ஆழ இறக்கினால் தெப்பம் காற்றை நோக்கித் திரும்பும். அதைத் தூக்கிப் பின்பக்கப் பலகையை இறக்கினால் காற்றை விட்டு விலகும். சோழமண்டலக் கரைக் கட்டுமரங்களிலும் பாய் விரித்து ஓடும்போது வழுக்கலைத் தடுக்கப் பலகையை நீரில் இறக்குவது பழைய வழக்கம். சுழலும் சென்டர்போர்டு அதே வேலையை ஒரே பலகையால் செய்கிறது: முழுக்க இறக்கினால் தடை மையம் முன்னே, தூக்கத் தூக்கப் பின்னே.

முதல் 15 டிகிரியின் மதிப்பு

கொஞ்சம் கணக்குப் போட்டால் இந்தக் கருவியின் அருமை புரியும். சுழல் ஆணியிலிருந்து பலகையின் பரப்பு மையம் 70 செ.மீ. கீழே இருப்பதாகக் கொள்வோம். பலகை செங்குத்தாக இருக்கும் நிலையிலிருந்து 15 டிகிரி பின்னே சாய்த்தால், அந்த மையம் 18 செ.மீ. பின்னே போகும், ஆழத்தில் இழப்பது 2 செ.மீ.க்கும் சற்று அதிகம், அவ்வளவே. 30 டிகிரி சாய்த்தால் 35 செ.மீ. பின்னே போகும், ஆழத்தில் இழப்பு 9 செ.மீ. 45 டிகிரியில் பின்னே போவது 49 செ.மீ., ஆழத்தில் இழப்போ 20 செ.மீ.க்கு மேல்.

அதாவது முதல் 15 டிகிரி ஏறக்குறைய இலவசம். படகின் சமநிலை கணிசமாக மாறும், வழுக்கல் கூடுவது தெரியவே தெரியாது. 30-ஐத் தாண்டிய பிறகு விலை ஏறத் தொடங்குகிறது. 45-க்கு மேல் காற்றை எதிர்த்து ஏறுவது வீண் வேலை, அணியம் காட்டும் திசை ஒன்று, படகு போகும் திசை வேறு என்றாகிவிடும்.

பாய்மரத்தைச் சாய்ப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 6 மீட்டர் பாய்மரத்தை 1 டிகிரி முன்னே கொண்டுவந்தால் அதன் உச்சி சுமார் 10 செ.மீ. நகரும். பாயின் விசை மையம் 2.4 மீட்டர் உயரத்தில் இருந்தால் அது நகர்வது 4 செ.மீ. மட்டுமே. பலகை 15 டிகிரி சாயும்போது அதன் மையம் 18 செ.மீ. நகர்கிறது. பக்கவாட்டுச் சுமையில் பாதியைப் பலகை தாங்குவதாக வைத்துக்கொண்டாலும் மொத்தத் தடை மையம் 9 செ.மீ. பின்னே போகும். அதுவும் ஓடும்போதே, ஒரு கயிற்றை இழுத்து. பாய்மரச் சாய்வைக் கரையில்தான் நிதானமாக மாற்ற முடியும்.

பலகையைத் தொடும் முன்

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். டில்லர் கனத்தால் உடனே பலகையைத் தூக்குவது தவறான வரிசை. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

முதலில் சுக்கான் தகடு. தகடு முழுக்க இறங்கி, அதன் முன்விளிம்பு சுக்கான் தொங்கும் கீல் (கதவுக் கீல் போன்ற இணைப்பு) கோட்டுக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். தகடு சற்றே பின்னே தூக்கிக்கொண்டிருந்தால் அதன் பரப்பு சுழலும் அச்சுக்கு வெகுதூரம் பின்னால் போய்விடும். அப்போது படகு நன்றாகச் சமநிலையில் இருந்தாலும் டில்லர் இரும்பாய்க் கனக்கும். கதவைக் கைப்பிடியில் தள்ளுவதற்கும் கீலருகே தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. கண்டுபிடிப்பது எளிது: டில்லர் கனமாக இருக்கிறது, ஆனால் ஏறக்குறைய நடுக்கோட்டிலேயே இருக்கிறது என்றால் குற்றம் சுக்கான் தகட்டில். டில்லர் கனமாகவும் இருந்து, நடுக்கோட்டை விட்டு வெகுவாக விலகியும் இருந்தால் குற்றம் சமநிலையில். தகட்டை இறக்கும் கயிறு கிளீட்டில் (கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கவ்வி) வழுக்குவதும், கரையேறும்போது தரையில் தட்டி அரை அங்குலம் தளர்ந்துவிடுவதும் வழக்கமாக நடப்பவை.

இரண்டாவது, படகின் சாய்வு. படகு ஒருபக்கம் சாயும்போது பாயும் அதன் விசையும் அடிக்கட்டைக்கு வெளியே, காற்று போகும் பக்கம் போய்விடுகின்றன. முன்னோக்கித் தள்ளும் விசை பக்கத்தில் இருந்து தள்ளினால் படகு காற்றை நோக்கித் திரும்பாமல் என்ன செய்யும்? கூடவே, சாய்ந்த அடிக்கட்டையின் நீரில் பதிந்த வடிவமும் அதே பக்கம் திருப்பும். சிறு படகுகளில் வெதர் ஹெல்முக்கு முதல் காரணம் இந்தச் சாய்வுதான். சாய்வை 5 டிகிரிக்குள் வைக்க உடலை வெளியே தொங்கவிடுங்கள். முடியவில்லையா, மெயின்ஷீட்டை (பெரிய பாயான மெயினை இழுத்துப் பிடிக்கும் கயிறு) தளர்த்துங்கள். 15 டிகிரி சாய்ந்து ஓடும் படகில் பலகையைச் சாய்த்துச் சமன்செய்யப் பார்ப்பது நோயை விட்டுவிட்டு வலிக்கு மட்டும் மருந்து போடும் வேலை.

மூன்றாவது, பாய்கள். மெயின்ஷீட் மிக இறுக்கமாக இருந்து பாயின் பின்விளிம்பு காற்று வரும் பக்கம் வளைந்திருந்தால் வெதர் ஹெல்ம் கூடும். முன்னால் உள்ள சிறு பாயான ஜிப் தளர்ந்திருந்தாலும் அப்படியே. காற்று வலுக்கும்போது மெயின் பாயின் முன்விளிம்பைக் கீழ்நோக்கி இறுக்கும் கன்னிங்ஹாம் கயிற்றை இழுத்தால் பாயின் வயிறு முன்னே வரும். பழைய, தொய்ந்த பாயில் வயிறு பின்னே தள்ளிப்போயிருக்கும். அப்படிப்பட்ட பாயை வைத்துக்கொண்டு பலகையைத் திட்டிப் பயனில்லை.

நான்காவது, நீங்கள் உட்காரும் இடம். இருவரும் முன்னே நகர்ந்தால் அணியம் ஆழப் பதியும், தடை மையம் முன்னே போகும், வெதர் ஹெல்ம் கூடும். காற்றும் அலையும் வலுக்கும்போது ஒரு சாண் பின்னே நகர்ந்து பாருங்கள்.

இவை நான்கும் சரியான பிறகும் டில்லர் இழுத்தால்தான் பலகைக்கு முறை வருகிறது.

கரையில் செய்ய வேண்டிய அடையாளங்கள்

ஓடும் படகில் பலகை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. அது நீருக்கடியில் இருக்கிறது. அடையாளம் போடாமல் செய்யும் எந்தச் சோதனையையும் மறுமுறை அப்படியே செய்ய வழியில்லை. ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலை இது.

1. பாய்மரத்தை இறக்கிவிட்டு, படகைப் பழைய டயர்கள் மீதோ மெத்தை மீதோ பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். பலகை தடையின்றி வெளியே வர வேண்டும். இருவராவது வேண்டும், ஒருவர் படகை விடாமல் பிடித்திருக்கட்டும்.

2. பலகையை முழுக்க வெளியே இழுங்கள். அதன் முன்விளிம்புக்கும் அடிக்கட்டைக்கும் இடையிலான கோணத்தை அளவிடுங்கள். தச்சர்கள் வைத்திருக்கும் மூலைமட்டமும் ஒரு கோணமானியும் போதும். சில படகுகளில் முழுக்க இறக்கிய நிலையில் பலகை செங்குத்தாக நிற்கும், சிலவற்றில் அதற்கு முன்பே நின்றுவிடும், சிலவற்றில் செங்குத்தைத் தாண்டி முன்னேயும் போகும். உங்கள் படகு எந்த வகை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. பலகையைத் தூக்கும் கயிறு கிளீட்டிலிருந்து வெளிவரும் இடத்தில், முழுக்க இறங்கிய நிலைக்கு ஒரு அடையாளம் போடுங்கள். மெழுகு நூலை இறுக்கிச் சுற்றிக் கட்டினால் ஒரு பருவம் முழுக்க நிற்கும். பேனா மை உப்பு நீரில் அழிந்துவிடும்.

4. 15 டிகிரி, 30 டிகிரி, 45 டிகிரி, முக்கால்வாசி தூக்கியது, முழுக்கத் தூக்கியது ஆகிய நிலைகளுக்கும் அப்படியே செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு நிற நூல் இருந்தால் அவசரத்தில் குழப்பம் வராது.

5. பலகையின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கூட்டுக்குள் (படகில் பலகை நுழைந்து நிற்கும் பெட்டி) டக் டக்கென்று தட்டினால் இடைவெளி அதிகம். ஓடும்போது ஒவ்வொரு அலைக்கும் பலகையின் கோணம் மாறும். கூட்டின் உட்சுவரிலோ பலகையின் மேற்பகுதியிலோ வழுவழுப்பான மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒட்டி இடைவெளியை அடைத்துவிடுங்கள். பலகை இறுகிப்போகும் அளவுக்கு ஒட்டக் கூடாது.

6. சுழல் ஆணியின் இருபுறமும் உள்ள ரப்பர் வாஷர்களைப் பாருங்கள். ஆணியருகே ஈரம் கசிந்த தடம் இருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

7. அடிக்கட்டையில் பலகை நுழையும் பிளவை மூடும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உதடுகள் கிழியாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிழிந்த உதடு வழியாக நீர் கூட்டுக்குள் கொப்பளித்து வேகத்தைத் தின்னும்.

டில்லருக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். டில்லர் நுனி நடுக்கோட்டில் இருக்கும்போது அதன் கீழே படகின் ஒரு குறுக்குச் சட்டத்தில் ஒரு துண்டு ஒட்டு நாடா ஒட்டுங்கள். சுக்கானின் கீல் ஆணியிலிருந்து அந்த இடம் 80 செ.மீ. தள்ளியிருந்தால், நடுவிலிருந்து இருபக்கமும் 5.6 செ.மீ.யில் ஒரு கோடு (4 டிகிரி), 14 செ.மீ.யில் இன்னொரு கோடு (10 டிகிரி). உங்கள் படகில் தூரம் வேறாக இருந்தால், 4 டிகிரிக்கு அந்தத் தூரத்தை 0.07-ஆலும் 10 டிகிரிக்கு 0.176-ஆலும் பெருக்குங்கள். முதல் கோட்டுக்குள் டில்லர் நின்றால் நன்று. இரண்டாவதைத் தாண்டினால் ஏதோ ஒன்றை மாற்றியே ஆக வேண்டும்.

நீரில் சோதனை

8 முதல் 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வரையிலான சீரான காற்றும், அலை குறைந்த நீரும் உள்ள நாளைத் தேர்ந்தெடுங்கள். சென்னைத் துறைமுகத்துக்குள் பயிற்சி எடுப்பவர்கள் சுவர்களையும் கப்பல்களையும் ஒட்டிய பகுதியைத் தவிர்க்க வேண்டும். அங்கே காற்று முறிந்து முறிந்து வரும், எந்த முடிவையும் நம்ப முடியாது.

பலகையை முழுக்க இறக்கி, காற்றை எதிர்த்து ஏறுங்கள். ஜிப்பின் இருபக்க நூல்களும் சேர்ந்து பின்னோக்கிப் பறக்க வேண்டும். படகு தட்டையாக இருக்கட்டும். வேகம் நிலைத்த பிறகு டில்லரை இரண்டு விரல்களால் மட்டும் பிடித்து, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு விரல்களைத் தளர்த்துங்கள். அணியம் மெதுவாகக் காற்றை நோக்கித் திரும்பினால் சரி. வெடுக்கென்று திரும்பினால் வெதர் ஹெல்ம் அதிகம். காற்றை விட்டு விலகினால் லீ ஹெல்ம், உடனே டில்லரைப் பிடியுங்கள்.

இதையே மறுபக்கக் காற்றிலும் செய்யுங்கள். இரு பக்கமும் ஒரே முடிவு வராவிட்டால் பலகையை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. பாய்மரம் ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறது, பலகை முறுக்கியிருக்கிறது, அல்லது சுக்கான் நேராகப் பொருத்தப்படவில்லை. கரைக்குத் திரும்பி அதைச் சரிசெய்யுங்கள்.

இப்போது பலகையை 15 டிகிரி அடையாளத்துக்குத் தூக்குங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். அரை நிமிடமாவது அப்படியே ஓடட்டும், ஏனென்றால் பலகையின் மீது நீரோட்டம் ஒழுங்காக அமைய வேகம் வேண்டும். டில்லர் நிற்கும் கோட்டை மறுபடியும் பாருங்கள். பிறகு 30 டிகிரி. ஒவ்வொரு நிலையிலும் பின்னால் திரும்பி, படகு விட்டுச்செல்லும் நீர்த்தடத்தைக் கவனியுங்கள். தடம் படகின் நடுக்கோட்டோடு சேர்ந்து நேர் பின்னே போகாமல், காற்று வரும் பக்கம் ஒதுங்கிப் போனால் படகு வழுக்குகிறது. டில்லர் இலேசாகியும் தடம் ஒதுங்காமலும் இருக்கும் கடைசி நிலைதான் அந்தக் காற்றுக்கு உங்கள் நிலை.

8 நாட் காற்றில் இருவர் உள்ள நல்ல 420-க்குப் பெரும்பாலும் முழுக்க இறக்கிய நிலையே சரியாக வரும். 15 நாட்டுக்கு மேல், இருவரும் முழுக்க வெளியே தொங்கியும் படகைத் தட்டையாக வைக்க முடியாதபோதுதான் பலகையைச் சாய்ப்பதன் அருமை தெரியும். தடை மையம் பின்னே போவதோடு சற்று மேலேயும் வருகிறது, படகைக் கவிழ்க்கும் நெம்புகோல் குட்டையாகிறது. எடை குறைந்த ஜோடிகளுக்கு இது பெரிய உதவி. மிக மெல்லிய காற்றில் கதை தலைகீழ். அப்போது டில்லரில் உணர்வே இருக்காது, சில சமயம் லீ ஹெல்ம்கூட வரும். பலகையை முழுக்க முன்னே இறக்கி, படகை வேண்டுமென்றே கொஞ்சம் காற்று போகும் பக்கம் சாய்த்து ஓட்டினால் டில்லருக்கு உயிர் வரும்.

ஒற்றைப் பாயில் ஓடும்போது

புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஜிப்பைச் சுருட்டிவிட்டு மெயின் பாய் மட்டும் வைத்து ஓடினால் பாயின் மையம் பின்னே போய்விடும், வெதர் ஹெல்ம் கூடும். டேக் போடும்போது (அணியத்தைக் காற்றின் ஊடே மறுபக்கம் திருப்பும்போது) படகு காற்றின் முகத்தில் சிக்கி நின்றுவிடும். அப்போது பலகையை 20, 30 டிகிரி தூக்கிவையுங்கள். தடை மையமும் பின்னே வந்து இரண்டும் பொருந்தும்.

மெயினை இறக்கி ஜிப் மட்டும் வைத்தால் பாயின் மையம் வெகுவாக முன்னே போகும். பலகை முழுக்க இறங்கியே இருக்க வேண்டும். பலகையையும் தூக்கிவிட்டு ஜிப்பில் மட்டும் கரைக்குத் திரும்பப் பார்ப்பவர்கள் காற்றை நோக்கித் திரும்பவே முடியாமல் காற்று போகும் பக்கக் கரையில் போய் ஒதுங்குகிறார்கள். மெயினில் ரீஃப் போட்டுச் சுருக்கினாலும் மையம் முன்னே நகரும். எனவே ரீஃப் போட்ட பிறகு, அதற்கு முன் தூக்கியிருந்த பலகையைத் திரும்ப இறக்கிப் பாருங்கள்.

குறுக்குக் காற்றிலும் பின்காற்றிலும்

காற்று பக்கவாட்டில் வரும்போது வழுக்கும் விசை குறைவு. பலகையைப் பாதி தூக்கலாம். தடையும் குறையும், மெயினைப் பெரிதாகத் திறந்து ஓடும்போது கூடும் வெதர் ஹெல்மும் அடங்கும். பின்காற்றில் முக்கால்வாசி தூக்குங்கள். கால்வாசி நீரில் இருக்கட்டும், முழுக்கத் தூக்கினால் படகு இருபக்கமும் உருளத் தொடங்கும், சுக்கானுக்கும் பிடிமானம் போகும்.

ஜைப் போடும்போது (பின்காற்றில் பாயை மறுபக்கம் மாற்றும்போது) மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இறக்கியிருப்பது நல்லது. பலமான காற்றில் பலகை முழுக்க இறங்கியிருந்தால், பூம் மறுபக்கம் வீசும் கணத்தில் படகு பலகையில் தடுக்கி விழும். முழுக்கத் தூக்கியிருந்தால் பக்கவாட்டில் சறுக்கிக் கட்டுப்பாடு போகும்.

டாகர்போர்டு உள்ள படகுகள்

ஆப்டிமிஸ்டிலும் இல்காவிலும் பலகை சுழலாது, நேராக மேலே வரும். அதனால் தடை மையம் பின்னே நகர்வது குறைவு. ஆனாலும் நகரும்: நடுவில் உள்ள பலகையின் பங்கு குறையும்போது மொத்தத் தாங்கலில் பின்னால் உள்ள சுக்கானின் பங்கு கூடுகிறது. பலத்த காற்றில் காற்றை எதிர்த்து ஏறும்போது 5 முதல் 10 செ.மீ. வரை தூக்கினால் டில்லரும் இலேசாகும், படகைத் தட்டையாக வைப்பதும் எளிதாகும். அதற்கு மேல் தூக்கினால் வழுக்கல் உடனே தெரியும்.

ஆப்டிமிஸ்டில் பலகைக் கூடு பலகையைவிடச் சற்று நீளமானது. கூட்டின் முன்னும் பின்னும் வைக்கும் அடைப்புத் துண்டுகளால் பலகையின் நுனியைக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ சாய்க்கலாம். செங்குத்தில் தொடங்குங்கள். பலத்த காற்றில் நுனியைப் பின்னே சாய்த்தால் வெதர் ஹெல்ம் குறையும். பலகையை மேலே நிறுத்திவைக்கும் எலாஸ்டிக் கயிறு தளர்ந்திருந்தால் நீங்கள் வைத்த உயரத்தில் அது நிற்காது. ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் இழுத்துப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: தூக்கிய டாகர்போர்டு படகுத் தளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஜைப் போடும்போது பூமோ, அதைக் கீழிழுக்கும் வாங் கயிறோ அதில் மாட்டினால் படகு நிச்சயம் கவிழும். கவிழ்ந்தால் முதல் வேலை பலகையை முழுக்க வெளியே தள்ளுவது. அதன் மீது ஏறி நின்றுதான் படகை நிமிர்த்த முடியும். போட்டியில் கலந்துகொள்பவர்கள் எந்தத் துண்டையும் ஒட்டும் முன் தங்கள் வகுப்பின் விதிகளைப் படித்துவிடுங்கள்.

பலகை தானாக மேலே வந்தால்

பலகையைச் சரியாக வைத்தும் சில நிமிடங்களில் பழையபடி ஆகிறதா? மரப் பலகையும் நுரை நிரப்பிய பலகையும் மிதக்கும் தன்மை உடையவை. இறக்கும் கயிறோ எலாஸ்டிக்கோ பிடிக்காவிட்டால் தானே மேலேறிவிடும். முதல் அறிகுறி, டில்லர் காரணமில்லாமல் இலேசாகிப் படகு பக்கவாட்டில் நகர்வது. உலோகப் பலகையில் நேரெதிர்: தூக்கும் கயிற்றின் கிளீட் தேய்ந்திருந்தால் நீங்கள் சாய்த்து வைத்தது கீழே இறங்கிவிடும்.

பலகை நகரவே மறுத்தால் கூட்டுக்குள் கல்லோ சிப்பியோ சிக்கியிருக்கும். மணற்கரையில் இறக்கும் படகுகளில் இது மிகச் சாதாரணம். மேலிருந்து பலத்தை எல்லாம் கூட்டி மிதிக்காதீர்கள், கூடு விரிசல் விடும். படகைச் சாய்த்து, அடியில் இருந்து மெல்லிய தட்டையான மரச் சீவலால் எடுங்கள். குறிப்பிட்ட வேகத்தில் பலகை ஊளையிட்டு அதிர்ந்தால் பின்விளிம்பைத் தடவிப் பாருங்கள். அங்கே பிசிறோ அடிபட்ட பள்ளமோ இருக்கும். நிரப்பி, நீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் இருபக்கமும் ஒரே மாதிரித் தேய்த்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

எடை கூடிய சுழல் கீல்

மேலே சொன்னவை எல்லாம் எடையற்ற பலகைகளுக்கு. கேட்டலினா 22 போன்ற படகின் சுழல் கீல் வார்ப்பிரும்பால் ஆனது, எடை சுமார் 250 கிலோ. படகு கவிழாமல் நிற்பதற்கான எடையில் பெரும்பங்கு அதுதான். டில்லர் கனக்கிறது என்று அதைப் பாதி தூக்கினால் நிமிரும் ஆற்றலையே குறைக்கிறீர்கள். தூக்கிய நிலையில் கீலைத் தாங்கிப் பிடிப்பது ஒரே இரும்புக் கயிறுதான். அது அறுந்தால் கீல் வீழ்ந்து அடிக்கட்டையை உடைக்கும். இப்படிப்பட்ட படகை ஆழ்நீரில் கீலை முழுக்க இறக்கி, பூட்டு ஆணியை இறுக்கிய பிறகே ஓட்டுங்கள். வெதர் ஹெல்மைக் குறைக்க நேரத்தோடு ரீஃப் போடுங்கள், பாய்மரத்தை முன்பக்கக் கம்பியைச் சுருக்கிச் சற்று முன்னே கொண்டுவாருங்கள். ஒரு நேரத்தில் டர்ன்பக்கிளில் (கம்பியை இறுக்கும் திருகு) இரண்டு சுற்று மட்டும், பிறகு ஒரு முறை ஓட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் அடுத்த இரண்டு.

எடைகளை அடிக்கட்டைக்குள் வைத்து, தனியே எடையற்ற பலகையை இறக்கும் பெரிய பயணப் படகுகள் வேறு வகை. பிரான்சில் கட்டப்படும் ஓவ்னி போன்ற அலுமினியப் படகுகளில் சிறு படகைப் போலவே பலகையைச் சாய்த்துச் சமன்செய்யலாம். உங்கள் படகு எந்த வகை என்று கட்டியவரின் கையேட்டில் பார்த்து உறுதிசெய்யாமல் பெரிய படகில் கீலைத் தொடாதீர்கள்.

ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் காற்றின் வேகம், படகில் இருந்தவர்களின் மொத்த எடை, எந்தப் பாய்கள், பலகை எந்த நிற நூலில், டில்லர் எந்தக் கோட்டில் என்ற ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கூட்டையும் சுழல் ஆணியையும் நன்னீரால் கழுவி, பலகையை ஒருமுறை முழுக்க ஏற்றி இறக்கி மணலை வெளியேற்றிவிட்டுப் படகை மூடுங்கள்.